மண்ணெண்ணெய் விலையும் மதிப்பீட்டு முறையும்

அரசாங்கம் பொருளாதார நடவடிக்கையொன்றை அறிவித்ததும் நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகின்றனர். ஒரு சாரார் நாடு உய்ந்தது என்பர்; மறுசாரார் மக்கள் விரோதம் என்பர். இவை தீர்ப்புகளேயன்றி விமர்சனமாகா. கவிதையொன்றை நன்று அல்லது தீது என்று மட்டும் கூறி அமரும் மாணவனை நாம் விடுவதில்லை, காரணங் கேட்கிறோம். அரசின் கொள்கையை நோக்குமிடத்தும் அவ்வொழுங்கு வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தீவக மக்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டொன்றை ஆராய்வோம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே முறையில் உயர்த்தப்பட்டது. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் சிறு கடற்றொழிலாளரின் படகுகளை ஓட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெயே உயிர். ஒரு நாட் தொழிலுக்கு 20 லீற்றர் எனக் கொண்டால், 1,740 ரூபாவாயிருந்த செலவு 6,800 ரூபாவாகிறது. வலையில் விழும் மீன் அதற்கேற்பப் பெருகுவதில்லை.

அரசாங்கத்தின் வாதத்தையும் கேட்டல் நியாயம். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அடக்கவிலைக்குக் குறைவாக விற்று நட்டமடைந்தது. ஆதலால் விலையைச் செலவுக்கேற்ப உயர்த்தி, வறிய குடும்பங்களுக்கும் கடற்றொழிலாளருக்கும் நேரடியாகப் பணவுதவி வழங்கலாம் என்றனர். மலிவு விலை வறியவனுக்கு மட்டுமன்றி வாங்குவோர் அனைவருக்கும் பயன்படுவது என்பதும் மறுக்கவியலாதது. அந்நியச் செலாவணி வற்றி, அவ்வாண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதையே நிறுத்திய நாட்டில் இவ்வாதத்தை வெறும் கோஷத்தால் தள்ளிவிட முடியாது.

ஆயினும் விலையை உயர்த்த ஓர் அறிவித்தல் போதும். உதவிப் பணத்துக்கோ பெயர்ப்பட்டியலும் படிவமும் கையொப்பமும் வேண்டும். இடைப்பட்ட காலத்தின் சுமையைத் தாங்குபவன் யார்? பேருந்து உரிமையாளர் தம் செலவைக் கட்டணத்தில் ஏற்றிவிடலாம். கரையில் மீனின் விலையைத் தீர்மானிப்பவன் கடற்றொழிலாளியல்லன். அவன் எவர்மீது ஏற்றுவான்? உதவியை முதலில் கொடுத்து விலையைப் பின்னர் உயர்த்தியிருக்கலாம், படிப்படியாகவும் உயர்த்தியிருக்கலாம். பிற்காலத்தில் அவ்விலை இறங்கியது உண்மையே. எண்ணெய்க்காகக் கடன்பட்டவனின் கடன் அதனுடன் இறங்கிவிடவில்லை.

இவ்வளவுகோலை நமக்கு உவப்பில்லாத அரசுகளுக்கு மட்டும் பயன்படுத்துதல் நேர்மையாகாது. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசில் இடதுசாரிக் கட்சிகளும் அங்கம் வகித்தன. அவ்வரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தலைநிமிர்ந்தனர். அதே ஆட்சியில் நகரத்துத் தொழிலாளி பாணுக்கு வரிசையில் நின்றான். 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது. வரிசை மறைந்தது, வெளிநாட்டுச் சரக்கோடு போட்டியிடவியலாது நமது கமக்காரன் நொந்தான். இருவரும் உழைப்பாளிகளே. ஒருவனது நன்மையை மட்டும் கணக்கிட்டு ஒரு கொள்கையை ‘முற்போக்கானது’ எனப் பெயரிடுவது எங்ஙனம்?

கொள்கையின் நோக்கம் யாது? சுமை எவர்மீது, எப்பொழுது விழுகிறது? அதைப் பிறர்மீது தள்ளும் வலு எவருக்குண்டு? அந்நோக்கத்தை அடைய வேறு வழி இருந்ததா? வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கும் மாணவனுக்கு இந்நான்கு வினாக்களையும் பழக்குவது ஆசிரியராகிய நமது கடமை. அவன் கண்ட முடிவு நம்முடைய முடிவோடு மாறுபடினும் கவலையில்லை, காரணங் காட்டட்டும்.