பெரட்டுக்கு இன்னும் நேரமிருக்கு!

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா மூன்றையும் பார்த்துவிட்டு நேரே நுவரெலியாவுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். ஐயோ, கம்பளையில் இறங்காமல் போகாதீர்கள்! அந்தப் பக்கத்து மலையில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், ஒரு பழைய லயம், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு, இருக்கிறது. 2007 முதல் அதுதான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். கண்டியிலிருக்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் நடத்துகிறது. அரண்மனைகள் நிறையப் பார்த்தவன் நான். எதிலும் இப்படித் தொண்டை அடைத்ததில்லை. வயிறு வலிக்கச் சிரித்ததும் இல்லை.

சிரிப்புக்கும் அழுகைக்கும் காரணம் நான் கூட்டிக்கொண்டு போன ஆட்கள். ஒருவர் என் அப்பாயி. இன்னொருவர், ஐம்பது வருஷமாக அவர் கண்ணில் காணாத தம்பி.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து, உடைத்த தேங்காய் மாதிரி, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாயி வாக்கப்பட்ட வீடு இந்தியாவுக்கு மனுப் போட்ட வீடு. பிறந்த வீடு இலங்கைக்குப் போட்ட வீடு. பிரிந்ததற்கு வேறு சண்டை சச்சரவெல்லாம் கிடையாது. 1974-ல் கோச்சி ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. ஆட்களை ஏற்றிப்போன அந்த ரயிலுக்கு மலையகத்தில் இன்றைக்கும் 'அழுகைக் கோச்சி' என்றுதான் பெயர். பிறகு யுத்தம் வந்தது. கப்பல் நின்றது. வீடு மாற்றி வீடு மாற்றி, கடிதமும் நின்றுபோனது.

கண்டுபிடித்தது வாட்ஸ்அப். கண்டியிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஒருவரிடம் தோட்டத்துப் பெயரையும் டிவிஷன் பெயரையும் சொல்லியனுப்பினோம். பதினோராம் நாள் போனில் ஒரு கிழவர் முகம் வந்தது. அப்பாயி உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்கப்பால்ல?" என்றார். பதினேழு வயதுப் பையனாக விட்டுவிட்டு வந்த தம்பி, அவர்கள் அப்பா சாயலுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

விமானத்தில் போகலாம் என்றால் அப்பாயி கேட்கவில்லை. கடலில் பிரிந்தோம், கடலில்தான் போகணும். அவர் அதிர்ஷ்டம், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது கப்பல். ஏறக்குறைய நாலு மணி நேரம்! ஐம்பது வருஷத் தூரம் அவ்வளவுதானா என்று எனக்குக் கோபமே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலைக்கு அங்கே பெயரே கண்டி வீதி. தம்புள்ளை தாண்டி மாத்தளை வந்ததும், "முத்துமாரியைக் கும்பிடாம மேலே போறதா?" என்று அப்பாயி எங்களைப் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டார்.

நியாயந்தான். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு அந்தக் காலத்தில் வந்தவர்களில், மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே வாரக்கணக்கில் நடந்து, வழியில் செத்தவர் போக மிஞ்சியவர்கள் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. 2023-ல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் மாத்தளையில்தான் வந்து முடித்தார்கள். 1983-ல் எரிக்கப்பட்ட முத்துமாரி கோயில், 108 அடிக் கோபுரத்தோடு நிமிர்ந்து நிற்கிறது. அப்பாயி கோபுரத்தை அண்ணாந்து பார்த்த பார்வையை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

அன்று முழுக்க ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. அந்தக் காலத்தில் கண்டிச்சீமைக்குப் போன தம்பிகள் திரும்பினார்களா? கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் திரும்பினார்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, கூலியோடு ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் போய்விடுவார்கள். 1869-ல் கோப்பி இலையில் துரு மாதிரி ஒரு நோய் விழுந்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் மலையெல்லாம் தேயிலை. அதற்கு வருஷம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும், குடும்பம் குடும்பமாக. ஒரு பூஞ்சணம்தான் அக்காவையும் தம்பியையும் நிரந்தரமாகப் பிரித்தது என்று சொன்னால் அடிக்க வராதீர்கள்!

லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் துரையும் சொந்த ஊரான ஸ்காட்லாந்துக்குத் திரும்பவேயில்லை. கண்டி மஹய்யாவ மயானத்தில் கிடக்கிறார். ஆனால் வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் அக்காமாருக்கு யார் கடிதம் எழுதினார்கள்?

கண்டி பஸ் நிலையத்தில் அப்பாயியின் தம்பித் தாத்தா காத்திருந்தார். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "கப்பல்ல ஏதாவது சாப்பிட்டியா அக்கா?" என்றார் தாத்தா. "ரெண்டு பிஸ்கோத்து" என்றார் அப்பாயி. அவ்வளவுதான் பேச்சு! பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

மறுநாள்தான் கம்பளை. லயத்து வாசலில் கால் வைத்ததும் அப்பாயி, "இஸ்தோப்பைப் பாரேன்!" என்றார். அந்தச் சின்னத் திண்ணைக்கு அதுதான் பெயர். கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்வாசலை அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் கேலி செய்திருக்கிறேன். அறைக்குக் காம்பரா, காலையில் வேலைக்கு ஆள் கூடி நிற்பதற்குப் பெரட்டு, தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்குக் கவ்வாத்து, தேநீருக்குச் சாயத்தண்ணி... ஐம்பது வருஷமாக அக்கா ஒரு மலையிலும் தம்பி ஒரு மலையிலும் தனித்தனியே வைத்துக் காப்பாற்றிய சொற்கள், ஒரு எழுத்துப் பிசகாமல் பொருந்துகின்றன. சிலிர்த்துவிட்டது எனக்கு. எடின்பரோ நூலகம் என்ன பெரிய நூலகம்!

அதற்குப் பிறகு அருங்காட்சியகம் எங்கள் கையில் இல்லை. கவ்வாத்துக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று தாத்தா வெறுங்கையால் வீசிக் காட்டுகிறார். கூடைக் கயிறு நெற்றியில் எந்த இடத்தில் விழும் என்று அப்பாயி என் தலையில் வைத்துக் காட்டுகிறார். தப்பு மேளத்தைப் பார்த்ததும் காமன் கூத்தில் யார் ரதி வேஷம் கட்டியது என்று பெரிய சண்டை. பார்க்க வந்த வேறு நாலு பேர் வழிகாட்டியை விட்டுவிட்டு இவர்கள் பின்னால் வந்துவிட்டார்கள். வழிகாட்டியும் வந்துவிட்டார்!

ஒரு காம்பராவில் ஆறேழு பேர் படுத்த கதையைச் சொல்லும்போது மட்டும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூடும் நேரமாகிவிட்டது. இருவரும் இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாவியோடு நின்ற பையன் தயங்கித் தயங்கி, "அம்மா, பூட்டணும்" என்றான். அப்பாயி அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"இருப்பா, பெரட்டுக்கு இன்னும் நேரமிருக்கு."