மணிமேகலை எங்கே?

நாவலைப் படமாக்கினால் வாசகர்களுக்குக் கோபம் வருவது புதிய விஷயமல்ல. ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் தவறான இடத்தில் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

2023ஆம் வருஷம் ஏப்ரல் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் வெளிவந்தபோது, எண்பது வயதைத் தாண்டிவிட்ட என் அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். 'கல்கி'யிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்து, அட்டை கட்டிய ஐந்து பாகங்களைப் பிறந்த வீட்டுச் சீதனம்போல் கொண்டு வந்தவள் அவள். வெளியே வந்ததும், "எப்படி இருந்தது, அத்தை?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரிதான். மணிமேகலை எங்கேடா?" என்றாள்.

என் சிநேகிதர்களுக்கு வேறு குறை. நாவலில் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று கடைசியில் தெரியவரும். பூ கட்டித் தேவாரம் பாடிக்கொண்டிருந்த அந்தப் பையனின் தலையில் அருள்மொழிவர்மர் கிரீடத்தை வைப்பார். படத்தில் அந்த ரகசியமே இல்லை. சிம்மாசனத்துக்கு ஏங்கிச் சதியில் கலந்துகொண்ட மதுராந்தகனுக்கே கிரீடம் போகிறது. "கல்கியைக் கொன்றுவிட்டார்கள்!" என்று ஒருவர் எனக்கு இரண்டு பக்கம் எழுதினார்.

நான் இதில் மணிரத்னத்தின் கட்சி. யோசித்துப் பாருங்கள். ராஜ்யமே வேண்டாம் என்கிற சிவபக்தனுக்கு ராஜ்யத்தைக் கொடுப்பது அழகான காரியந்தான். ஆனால் மனசுக்கு அதில் அவ்வளவு சிரமம் இல்லை. தன் குடும்பத்துக்கு விரோதமாக நின்றவனைக் கூப்பிட்டு, 'இந்தா, நீயே ஆண்டுகொள்' என்று சொல்வதற்குத்தான் நெஞ்சு வேண்டும். கல்கியின் ரகசியம் வாசகரைத் திடுக்கிட வைத்தது. அதே சமயம் அருள்மொழியின் தியாகத்தைக் கொஞ்சம் சுலபமாகவும் ஆக்கிவிட்டது. இப்படிச் சொல்வதற்காக அத்தை என்னை மன்னிக்க வேண்டும். படத்தின் குற்றம், இத்தனை பெரிய மாறுதலைச் செய்துவிட்டு அதற்குப் போதிய நேரம் தராமல் ஓடிவிட்டதுதான்.

மணிமேகலை விஷயம் வேறு. கடம்பூர்ச் சம்புவரையர் மகள், கந்தமாறன் தங்கை. அண்ணன் வாயால் வந்தியத்தேவனைப் பற்றிக் கேட்டுக் கேட்டே அவன்மீது ஆசை வைத்தவள். அவன் மனமோ குந்தவையிடம். ஆதித்த கரிகாலன் கொலையுண்டு, பழி வந்தியத்தேவன்மேல் விழுந்தபோது, 'நான்தான் கொன்றேன்' என்று அந்தப் பேதைப் பெண் சாதிக்கிறாள். பிறகு சித்தம் கலங்கிப் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் பிரிகிறது.

சோழ சாம்ராஜ்யத்தின் கதைக்கு இவள் அவசியமா? இல்லவே இல்லை. இவளை எடுத்துவிட்டாலும் யாருடைய பட்டமும் மாறாது. திரைக்கதை எழுதுகிறவர் கையில் கத்தரிக்கோல் இருந்தால் முதலில் விழக்கூடிய தலை இவளுடையதுதான். ஆனால் 1950 முதல் 1954 வரை, மூன்றரை வருஷம் வாரந்தோறும் எழுதிய கல்கி, கிரீடம் சூட்டியதோடு பேனாவை மூடிவிடவில்லை. அத்தனை அரசர்களையும் தாண்டி வந்து, யாருக்கும் வேண்டாத இந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கதையை முடித்தார். படத்தில் எனக்குக் குறைந்தது அந்த உட்காரல்தான். யுத்தமும் யானையும் நன்றாகவே இருந்தன.

இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். அதற்குள் ஐந்து பாகங்களை அடைக்கச் சொன்னால் எந்த டைரக்டரும் யாரையாவது வெளியே நிறுத்தத்தான் வேண்டும். எம்.ஜி.ஆர். 1958இலேயே இந்த நாவலைப் படமாக்க முயன்றார், நடக்கவில்லை. நடந்திருந்தால் அவரும் யாரையாவது நிறுத்தியிருப்பார்.

அப்படியானால் இடம் எங்கே இருக்கிறது? டெலிவிஷனில் இருக்கிறது. தினம் அரை மணி, வருஷக்கணக்கில். வாரத் தொடர்கதைக்குக் கூடக் கிடைக்காத வசதி. எங்கள் தொழிலில் நாங்களும் கதையை இழுத்தவர்கள்தாம். ஒரு தடவை, பத்திரிகாசிரியர் 'இன்னும் நாலு வாரம்' என்றதற்காக, கல்யாணம் ஆகவேண்டிய ஒரு கதாநாயகியைக் காரணமில்லாமல் டைபாயிடில் படுக்க வைத்த பாவி நான். ஆகையால் இழுப்பதைப் பற்றி நான் புகார் சொல்லக்கூடாது. இழுத்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதே என் கேள்வி. ஒரு அறை விழுந்தால் அதை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள். கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்துக்கும் காமிரா தனித்தனியாகப் போய்த் திரும்புகிறது. நேரம் நிறைய இருக்கிறது. அதில் இடம் இல்லை.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. பாலு மகேந்திரா 'கதை நேரம்' என்ற பெயரில் சன் டி.வி.யில் சிறுகதைகளைப் படமாக்கிக் காட்டினார். அநேகமாக வீடு, இரண்டு மூன்று பேர், ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். ஒரு பெண் பேசாமல் இருக்கும்போது அவளைப் பேசாமலே இருக்கவிடும் பொறுமை அவருக்கு இருந்தது. அந்தப் பொறுமையுடைய ஒருவர் கையில், நூறு நாள் தொடராக, கடம்பூர் மாளிகையை மட்டும் ஒப்படைத்திருந்தால்!

இதை அன்றிரவு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "சும்மா இருடா, எட்டு மணியாச்சு" என்று டி.வி.யைப் போடச் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து ஒரு மருமகள் வாசற்படியில் கோலமாவுடன் நின்றுகொண்டிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. இன்னும் உள்ளே வரவில்லை.