பத்திரம் யார் பேரில்?

விவாகரத்தைப் பற்றி எழுதும் நம் கதாசிரியர்கள் மனஸ்தாபத்தோடு நிறுத்திக்கொண்டுவிடுகிறார்கள். வீடு என்னவாயிற்று என்று கேட்பதே அபூர்வம். இப்ஸனின் நோரா 1879-ல் சாவிகளைக் கொடுத்துவிட்டு வெளியேறினாள். அவள் சாத்திய கதவின் சத்தம் நம்மவர் காதில் இன்னும் ஓயவில்லை. வெளியேறுவதுதான் வீரமாம்!

1690 முதல் 1698 வரை நீண்ட செஞ்சி முற்றுகையை எத்தனை சுவாரஸ்யமாகப் பேசுகிறோம்! அதே செஞ்சித் தெருவொன்றில், புருஷன் வீடு வாங்க ஆள் கூட்டிவந்து கூடத்தை அளந்து காட்டும்போது அடுக்களையை விட்டு நகர மறுக்கிறாளே ஒருத்தி, அவளும் முற்றுகைக்குள் இருப்பவள்தான். அவளுக்கு நாவல் எங்கே?

சட்டம் கதையை முந்திவிட்டது. கொடுமை நடந்ததென்று கண்டால், பத்திரம் புருஷன் பேரில் இருந்தாலும் விற்பனையைத் தடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் அதிகாரம் தருகிறது. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்திலும், குடும்பத்தைக் கட்டிக் காத்தவளுக்குச் சமபங்கு உண்டென்று 2023-ல் ஒரு வழக்கில் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. அடுப்படியில் கழிந்த வருஷங்களுக்கு விலை என்னவென்று இரண்டு வக்கீல்கள் வாதாடுவதைவிட நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்? நம் நாயகியோ மூன்றாம் அத்தியாயத்திலேயே ரயிலேறிவிடுகிறாள். கையில் ஒரே ஒரு பெட்டி, அதுவும் கனமில்லாத பெட்டி.