வாயிலில் நிற்கும் நாயனம்!

மார்கழி பிறந்தால் போதும், சென்னை மாநகருக்குச் சுருதி சேர்ந்துவிடும்! சபைதோறும் பந்தல், பந்தல்தோறும் பட்டாடை. பாட்டுக்கு முன்னே பலகாரம், பாட்டுக்குப் பின்னே பாராட்டு! காலையில் தொடங்கும் கச்சேரி இரவு வரையில் ஓய்வதில்லை. எந்தச் சபையில் எவர் பாட்டு, எந்தச் சிற்றுண்டிச் சாலையில் எந்தப் பண்டம் என்று ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றெனப் பட்டியலிட்டது. பெருமைதான். அந்தப் பெருமையைப் பறிக்க நாம் வரவில்லை.

ஆயினும் தோழர்களே, அந்த விழாவின் முதல் நாள், முதல் மணியைச் சற்று உற்றுப் பாருங்கள். அழைப்பிதழில் ஒரே ஒரு வரி காணப்படும்: மங்கல இசை! நாதசுரமும் தவிலும் முழங்கும். கேட்போர் யார்? நாற்காலிகள்! வருவோர் இடந்தேடுவர், வந்தோர் நலம் விசாரிப்பர், ஒலிபெருக்கிக்காரர் கம்பியை முறுக்கிக்கொண்டிருப்பார். தலைவர் வரும் வரையில் ஊத வேண்டும், வந்ததும் நிறுத்த வேண்டும். பிறகு விளக்கேற்றம், வரவேற்பு, வாழ்த்துரை, அதற்கும் பிறகுதான் "கச்சேரி"! அப்படியானால் அதுவரை ஒலித்தது என்ன? கச்சேரி இல்லையா? கதவைத் திறந்துவிடும் கருவி கதவருகிலேயே நின்றுவிட வேண்டுமாம்! கூடத்தின் நடுவே அதற்கு இடம் கிடைப்பது அருமை.

இது ஏதோ நேற்று நேர்ந்த நெறிபிறழ்வு அன்று. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாடு கூடியபோது இசை மாநாடும் உடன் நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதமி தோன்றியது. மார்கழி விழா அதைச் சுற்றி வளர்ந்தது. வளர்ந்த அந்த மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு என்ன இடம் கிடைத்தது? கடைசி இடம்! தெலுங்கும் வடமொழியும் மணிக்கணக்கில் உலா வந்த பிறகு, எழுந்து போகிறவர்கள் எழுந்து போகும் நேரத்தில், "துக்கடா" என்ற பெயரில் தமிழுக்கு ஓர் ஓரம் ஒதுக்கப்பட்டது. அதைப் பொறாமல் 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. இசைக்கு மொழி முதன்மையன்று என்று எதிர்வாதம் பேசினர். மொழி முதன்மையன்று என்றால் தமிழில் பாடுவதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. இராசா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பொருளும், ஊரூராய் எழுந்த தமிழுணர்வும் சேர்ந்து செய்த செயல் அது.

வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்கும் ஓர் எல்லை இருந்தது. தமிழிசை இயக்கம் மொழிக்கு மேடை கேட்டது. மேளத்துக்கு மேடை கேட்டதா? பாட்டின் சொல்லை மாற்றியது. பாடுவோர், வாசிப்போர், அமர்வோர் ஆகியோரின் வரிசையை மாற்றியதா? எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வி அரங்குக்குள் நடந்த வழக்கு. யார் அரங்குக்குள் வருவது என்ற கேள்வியோ தெருவிலே நின்றது.

தெருவில் நின்ற அந்தக் கேள்வியைத் தொட்டவர்களும் உண்டு. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் செட்டிநாட்டில் ஒரு திருமண ஊர்வலம். சிவக்கொழுந்து என்னும் நாதசுரக் கலைஞர் வாசித்து வருகிறார். வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு! அது செல்வர் கண்ணை உறுத்திற்று, எடு என்றனர். எடுக்காதே என்றார் பட்டுக்கோட்டை அழகிரி. துண்டு தோளிலேயே இருந்தது. இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம், கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். கைதட்டியவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். துண்டுக்கு இடம் கிடைத்தது, அதை அணிந்த கலைஞனுக்குக் கிடைத்ததா?

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுப் பாடகர்கள் பாடம் பயின்றனர் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவரை அடையவேயில்லை. 1956-இல் அவர் மறைந்தார். அதே 1956-இல் அந்தப் பட்டம் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு வந்தது. 1998-இல் சேக் சின்ன மௌலானா பெற்றார். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் குடியேறிய இசுலாமியர் அவர்! மதத்துக்கு மேலானது இசை என்பதை மேடையில் முழங்குவோர், அதை வாழ்ந்து காட்டிய கருவி எது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இனி, மதுரைக்கு வருவோம்; அது நம் ஊர் என்பதால் மட்டும் அன்று. 1968-ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் சங்கீத கலாநிதிப் பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வழங்கப்பட்டது. பெற்றவர் எம். எஸ். சுப்புலட்சுமி. 1916-இல் மதுரையில் பிறந்தவர்; பெயரின் முன்னெழுத்துக்களில் ஊரையும், வீணை வாசித்த தாய் சண்முகவடிவையும் சுமந்தவர். அதே ஆண்டில் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் "தில்லானா மோகனாம்பாள்" ஓடிற்று. சிவாசி கணேசன் கன்னம் உப்ப வாசித்தார். உண்மையில் வாசித்தவர்கள் மதுரையைச் சேர்ந்த சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறப்பினர். சபையின் பட்டத்தை எதிர்பார்த்து நிற்காமல், நாதசுரம் வெள்ளித் திரை வழியே மக்களிடம் போயிற்று. சில அணா கொடுத்துத் தரையில் அமர்ந்தவனும் கேட்டான். அந்த ஒரு படம் நாதசுரத்துக்குத் தேடித் தந்த காதுகளைப் பல்லாண்டு மங்கல இசை தேடித் தரவில்லை என்பது நம் கருத்து.

மதுரைக்கும் பருவம் உண்டு. அதன் பெயர் மார்கழி அன்று. தை பிறந்து ஆடி முடியும் வரையில், குறிப்பாகப் பங்குனியிலும் சித்திரையிலும், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இரவெல்லாம் விளக்கெரியும். கரகம், நையாண்டி மேளம், பறை, "ஸ்பெஷல் நாடகம்"! அந்த நாடகத்தின் அமைப்பே ஒரு விந்தை. நிலையான குழு கிடையாது, ஒத்திகை கிடையாது. இராசபார்ட் ஓரூர், வள்ளி ஓரூர், ஆர்மோனியம் வேறோர் ஊர். மேடையில்தான் சந்திப்பு! இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரையில் நடத்திவிடுவர். சங்கரதாச சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் உரையாடலும் எல்லார்க்கும் மனப்பாடம். கதை புராணக் கதைதான், அதில் நமக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தை ஒரு முறை கேளுங்கள். படிக்காதவர் என்று நாம் எண்ணும் ஊரார், பெண்ணொருத்தி ஆடவனை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பதை நள்ளிரவில் கண்கொட்டாமல் கேட்டு மகிழ்கின்றனர்.

இந்தப் பருவத்தின் வாயில் மாட்டுத்தாவணி. தாவணி என்றால் சந்தை. மாடு விற்ற இடம். துண்டைப் போர்த்தி, அதனுள்ளே விரலைத் தொட்டு விலை பேசுவது மாட்டுத் தரகர் வழக்கம். 1999 முதல் அங்கே எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம். கரகமும் உறுமியும் மூட்டையாகக் கட்டப்பட்டு இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போகின்றன. மாடு போய்விட்டது, விலை பேசும் முறை மட்டும் போகவில்லை! தரகர் ஊராரிடம் பேசிய தொகை எவ்வளவு, ஆடியவர் கையில் சேர்ந்தது எவ்வளவு? இன்றைக்கும் அது துண்டுக்கு உள்ளேதான்.

அதே மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்ச் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2004-இல் தொடங்கப்பட்டது. சிற்றூர்த் திருவிழாவில் ஆடல் பாடல் நடத்தக் காவல்துறை இசைவு தராவிட்டால் ஊரார் இங்கு வழக்கிடுகின்றனர். ஆபாசம் கூடாது, சாதிப் பெருமை பாடக்கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகளுடன் நீதிமன்றம் இசைவு தருவதுண்டு. சாதிப் பாட்டுக்குத் தடை என்பதை நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம். ஆனால் இந்த நாட்டில் ஒரு கலைக்கு அழைப்பிதழும் பொன்னாடையும், இன்னொரு கலைக்கு மனுவும் வாய்தாவும் என்ற நிலை இருப்பதைக் குறிக்காமல் போக முடியவில்லை.

2020 மார்ச்சு இறுதியில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. நாட்காட்டியைப் பாருங்கள்: பங்குனி! சித்திரைத் திருவிழா மக்கள் இன்றி நடந்தது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. ஓராண்டுச் சோற்றை நான்கைந்து திங்களில் ஈட்டுகின்ற கலைஞனுக்கு இரண்டு பருவம் அடுத்தடுத்துப் பறிபோயின. அதே 2020 மார்கழியில் சென்னைச் சபைகள் இணையத்தின் வழியே கச்சேரி நடத்தின. நல்ல ஏற்பாடுதான். கரகாட்டக்காரி எந்த இணையத்தில் ஆடுவாள்? நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது; ஆனால் வாரியம் அளிப்பது உதவி. கலைஞன் கேட்பது வேலை.

இங்கே பகுத்தறிவாளர் ஒருவர் எழுந்து நம்மைக் கேட்கலாம்: "அம்மன் கொடையும் கோயில் திருவிழாவும் நின்றுபோனால் வருந்துகிறீரே, இதுதான் நும் பகுத்தறிவா?" நேர்மையான கேள்வி. நாம் வருந்துவது அம்மனுக்காக அன்று. உழைக்கும் கலைஞனின் கூலி அம்மனின் நாட்காட்டியில் சிக்கிக் கிடக்கிறதே, அதற்காக! தேவியின் திங்கள் முடிந்தால் கூலியும் முடிகிறது. ஊரில் இரு சாதியார் மண்டகப்படிக்குச் சண்டையிட்டால் திருவிழா நிற்கிறது, முதற்பலி கலைஞன். ஆகவேதான் சாமியையும் சபையையும் சாராத ஒரு கலைப் பருவம் வேண்டும் என்கிறோம்.

அதற்கு முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டோம். 2007 பொங்கலில் சென்னை சங்கமம் தொடங்கிப் பூங்காவிலும் தெருவிலும் பறையையும் ஒயிலையும் நிறுத்தியது. 2011-க்குப் பின் நின்றது. 2023-இல் அரசே மீண்டும் தொடங்கி, மதுரை உள்ளிட்ட நகரங்களுக்கும் விரிப்பதாக அறிவித்தது. ஆட்சி மாறினால் நிற்கும் விழா, வேர் விட்ட விழா ஆகாது. அன்றியும் விடிய விடிய நடக்கும் நாடகம், நகர மேடையில் பத்து நிமிடக் காட்சியாகக் குறுகிவிடுகிறது. கலையைக் காட்டுகிறோமா, கலையின் மாதிரியைக் காட்டுகிறோமா? நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் "மார்கழியில் மக்களிசை" தொடங்கி, 2021-இல் மதுரைக்கும் கோவைக்கும் கொண்டுவந்தது. கானாவும் ஒப்பாரியும் பறையும் அங்கே முழுக் கச்சேரியாக நின்றன. மார்கழி என்ற சொல்லையே எடுத்துத் தெருப் பக்கம் திருப்பிவைத்த துணிவை நாம் போற்றுகிறோம்.

2025-இல் அலங்காநல்லூர்ப் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. செய்தி வந்த ஏட்டை நாம் பாடம் நடத்தும் வகுப்பில் சுவரில் ஒட்டினோம். மாணவன் ஒருவன் நெடுநேரம் பார்த்து நின்றான். பள்ளிப் பதிவேட்டில் "தந்தை தொழில்" என்ற இடத்தில் "கூலி என்று எழுதுங்கள் ஐயா" என்று முன்பு நம்மிடம் கேட்டவன் அவன். தந்தை பறை அடிப்பவர். அந்த வட்டாரத்தில் நல்ல பெயர் பெற்றவர். டில்லி தந்த பட்டத்துக்கும் பதிவேட்டின் அந்த ஒற்றைச் சொல்லுக்கும் இடையே உள்ள தொலைவை எந்த விழா கடக்கப் போகிறது?

மதுரையில் விழா எடுக்கும் மன்றங்களுக்கும் இளைஞர் படிப்பகங்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. சபை அழைப்பிதழைப் பாருங்கள்: பாடுபவர் பெயர், வயலின் வாசிப்பவர் பெயர், மிருதங்கக்காரர் பெயர், கடம் வரையில் பெயர்! நம் அழைப்பிதழைப் பாருங்கள்: "நையாண்டி மேளம், கரகாட்டம் நடைபெறும்." யார் வாசிக்கிறார்? யார் ஆடுகிறார்? தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றியுரை என்று நாற்பது பெயரை அச்சிட இடம் இருக்கிறதே! தை விழாவுக்கான அழைப்பிதழ்கள் கார்த்திகையிலேயே அச்சகத்துக்குப் போய்விடும். அதற்கு முன்னே தவில்காரர் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். நாதசுரத்துக்கு மாலை ஆறரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, வாழ்த்துரைகளை நாற்காலிகள் வெறுமையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.