அடைப்புக்குறிக்குள் வைத்த சுமை

எம்.ஏ. தமிழ் படித்தபோது சூத்திரத்தை ஒருதரமும் உரையை ஒருதரமும் வாசிக்கச் சொல்வார்கள். ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் பொருள் என்ன ஆகும் என்று உரையாசிரியர்கள் கேட்பார்கள். அந்தப் படிப்பு எனக்கு வகுப்பறையைவிடக் கோர்ட்டு வராண்டாவில்தான் அதிகம் உதவியது.

இங்கே விமர்சனத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் பிரதி நாவலோ கவிதைத் தொகுப்போ அல்ல. ஒரே ஒரு வாக்கியம். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குள் 229-ஏ என்று நுழைந்து, 2006இல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 269ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. எண் மாறியது, சட்டத்தின் பெயர் சமஸ்கிருதமானது. சொல்வது மாறவில்லை. ஜாமீனில் வந்தவர் போதிய காரணமில்லாமல் கோர்ட்டில் ஆஜராகத் தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அசல் வழக்கில் கிடைக்கும் தண்டனை வேறு, இது வேறு. பிணைத்தொகையைப் பறிப்பது அதற்கும் மேலே.

'போதிய காரணமில்லாமல்' என்பதை ஒட்டி ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. காரணம் இருந்ததாக நிரூபிக்கும் சுமை அவரையே சேரும் என்கிறது. குற்றத்தை அரசுத்தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று மேடையில் பெருமையாகப் பேசுகிறோமே, அந்த விதியை இந்த அடைப்புக்குறி சத்தமில்லாமல் கவிழ்த்துவிடுகிறது. அடைப்புக்குறிக்குள் போடுவது உபரிச் செய்தி என்றுதான் நாம் படித்தோம். இங்கே மொத்தப் பாரமும் அதற்குள்தான் கிடக்கிறது.

யார் தலையில் அது இறங்குகிறது என்று சொல்கிறேன். எனக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒருவர். சேரிக்குள் புகுந்து அடித்தவர்கள்மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தோம். மறுநாளே எங்கள் ஆட்கள்மேல் ஒரு எதிர்வழக்கு. அதில் பெரியப்பா ஏழாவது எதிரி. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டுத் தமிழ் 'எதிரி' என்றுதான் எழுதுகிறது. யாருக்கு எதிரி என்று எந்த உரையாசிரியரும் கேட்டதில்லை.

மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். கரும்பு வெட்ட மாவட்டம் தாண்டிப் போனார். இரண்டு வாய்தா தவறியது. பேரை மூன்றுதரம் கூப்பிட்டார்கள். பிடிவாரண்டு போனது. பிறகு 229-ஏவில் தனியாக ஒரு எஃப்.ஐ.ஆர். அதில் 'தலைமறைவு' என்று எழுதியிருந்தது. கிளைச்சிறையில் பார்க்கப் போனபோது கேட்டார்: "ஓடிட்டேன்னு எழுதியிருக்காங்களாமே? நா எங்கடா தம்பி ஓடுனேன்? கரும்பு வெட்டத்தானே போனேன். ஊருக்கே தெரியுமே."

ஊருக்கே தெரிந்தது கோர்ட்டுக்குத் தெரியவில்லை. சம்பள வேலைக்காரனிடம் டாக்டர் சர்டிபிகேட் இருக்கும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் அன்றைக்குக் காலையிலேயே வரமுடியவில்லை என்று ஒரு மனு விழும், வாரண்டு வராது. மேஸ்திரி எந்தத் தாளில் எழுதிக்கொடுப்பான்? கூலிக்கு ரசீது இல்லாதவனிடம் காரணத்துக்கு ரசீது கேட்பதுதான் அந்த அடைப்புக்குறி.

நீதிமன்றத்தில் வராமல்போவது ஒருவர் மட்டுமல்ல. புலன்விசாரணை அதிகாரி சாட்சி சொல்ல வரவில்லை, பந்தோபஸ்து என்றார்கள். வாய்தா. அரசு வக்கீல் இல்லை. வாய்தா. எதிரி இல்லை. பிடிவாரண்டு. சட்டம் சாட்சிக்கும் வாரண்டு போடலாம் என்கிறதுதான். நான் உட்கார்ந்திருந்த நாட்களில் போட்டுப் பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை, அதே 2005 திருத்தம் இன்னொன்றையும் செய்தது. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணையாள் தர முடியாதவரை ஏழை என்றே கொள்ள வேண்டும், சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்றது. அதற்கும் முன்னால், 1978இல், மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி வேறு மாவட்டம் என்று அந்தப் பிணையையும் கீழ்க்கோர்ட்டு தள்ளியது. உச்சநீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச்சொன்னார். ஏழை என்று ஒருவனை அடையாளம் காணச் சட்டத்துக்குத் தெரியும். ஜாமீன் கொடுக்கும்போது ஏழையாகத் தெரிகிறவன், வாய்தா தவறியதும் ஓடிப்போனவனாகிவிடுகிறான். சென்னை உயர்நீதிமன்றத்தின் பல ஜாமீன் உத்தரவுகளில், தலைமறைவானால் 229-ஏவில் புதிய வழக்கு போடலாம் என்ற வரி அச்சு மாறாமல் வந்திருக்கிறது. வறுமை பற்றிய வரி அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் புகாரில் மாட்டியவர்கள் வேண்டுமென்றே வாய்தாவுக்கு வராமல் வழக்கை இழுத்தபோது, வாரண்டு போடுங்கள் என்று மனு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சாட்சிகள் சோர்ந்துபோவார்கள் என்றுதான் அவர்கள் வரவில்லை. அந்தப் பிரிவு அப்போது எனக்கு வேண்டியிருந்தது. இப்போதும் அதைக் கிழித்துப்போடு என்று நான் சொல்லவில்லை. வராமலிருப்பது எல்லாம் ஒன்றல்ல. டிராக்டர் வைத்திருப்பவன் வராததும் முன்பணத்தில் மாட்டியவன் வராததும் ஒரே சொல்லில் அடங்காது. தண்டிப்பதற்கு முன் ஏன் வரவில்லை என்று கோர்ட்டு தானே கேட்டு, பதிலை எழுதிவைக்க வேண்டும். கூட வெட்டிய ஆட்களின் வாய்ச்சொல்லும் போதிய காரணத்துக்குச் சாட்சிதான்.

எதிர்வழக்கு போன வருஷம் விடுதலையில் முடிந்தது. அடித்தார் என்று நிரூபிக்க முடியவில்லை. வரவில்லை என்ற வழக்கு பழைய எண்ணிலேயே இன்னும் நடக்கிறது. பெரியப்பா இந்த வருஷம் முன்பணம் வாங்கவில்லை. கூட வெட்டிய நாலு பேரிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அடுத்த வாய்தாவில் அதைக் கொடுப்போம்.