கோடு போட்டவர் வீட்டுக் காகிதங்கள்

ஒரு சின்னப் பரீட்சை. இரும்புக்கை மாயாவியைத் தெரியுமா? நாற்பதைத் தாண்டியவராக இருந்தால் இதற்குள் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோய் இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்குமே, அவரேதான். முத்து காமிக்ஸ் 1972ல் ஆரம்பித்தபோது முதல் புத்தகமே அவர் கதைதான். சரி, இரண்டாவது கேள்வி. அவரை வரைந்தது யார்?

ஹெஸூஸ் பிளாஸ்கோ என்று ஒரு ஸ்பெயின்காரர். 1919ல் பிறந்தவர், 1995ல் காலமானார். இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகைக்காக 1962ல் அவர் இழுக்க ஆரம்பித்த கறுப்பு மைக் கோடுகளைத்தான் நாம் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் பார்த்தோம். பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை. ஸ்பெயின் ரொம்ப தூரம். மூன்றாவது கேள்வி உள்ளூர்க் கேள்வி. அந்தப் படங்களில் இங்கிலீஷை அழித்துவிட்டுப் பலூனுக்குள் தமிழை உட்கார வைத்தார்களே, அவர்கள் யார் யார்? இங்கிலீஷில் நாலு வார்த்தையில் முடிகிற வசனம் தமிழில் இரண்டு வரி ஓடும். அதை அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடக்குவது லேசான வேலையா என்ன!

நான்காவது கேள்விக்குப் புதுச்சேரி போக வேண்டும். 1908ல் கைது பயம் வந்ததும் பாரதி அங்கே போய்ச் சேர்ந்தார். பின்னாலேயே 'இந்தியா' வாரப் பத்திரிகையும் போனது. பிரெஞ்சுக்காரர் ஊர். பிரிட்டிஷ் போலீஸ் தெருமுனையில் நின்று முறைக்கலாம், அச்சாபீசுக்குள் கால் வைக்க முடியாது. 1910ல் நின்றுபோகும் வரை அந்தப் பத்திரிகையின் பெரிய கவர்ச்சி அதில் வந்த கார்ட்டூன்கள். மிதவாதிகள், மின்டோ - மார்லி சீர்திருத்தம் என்று எல்லாவற்றுக்கும் படம். கீழே நீளமாக ஒரு விளக்கம். கார்ட்டூனுக்கென்றே 'சித்ராவளி' என்று தனிப் பத்திரிகை நடத்தக்கூட பாரதி திட்டம் போட்டார். அது வெளிவரவில்லை.

ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தப் படங்களைத் தேடித் தொகுத்து, 'பாரதியின் கருத்துப்படங்கள்' என்று 1994ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அது வந்திருக்காவிட்டால் 'தமிழின் முதல் அரசியல் கார்ட்டூன்கள்' என்று நாம் மேடையில் பேசிக்கொண்டிருப்போமே தவிர, கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. நாம் பார்ப்பது அச்சான பக்கத்தின் படத்தை. நூறு வருஷத்துக் காகிதத்தின் கறை, மங்கிய மை, அப்பிய கறுப்பு எல்லாம் சேர்ந்த படம். இதில் ஓவியர் போட்ட கோடு எது, அச்சாபீஸ் கெடுத்த கோடு எது? பாரதி ஐடியா சொன்னாரா, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாரா, 'இந்த மூஞ்சி சரியில்லை, மாற்றுங்கள்' என்று திருப்பி அனுப்பினாரா? விளக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், ஏனென்றால் அது எழுத்து, பாரதியின் எழுத்து. படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பாராவிலேயே பேனா நின்றுவிடும். வரைந்த கையைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

தமிழில் சித்திரக்கதை பற்றி வருகிற கட்டுரைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் எல்லாம் ஒரே கட்டுரைதான். கோடை லீவு, வாடகை நூல்நிலையம், அப்பாவிடம் அடி, மாயாவி, வாண்டுமாமா. படிக்க இதமாக இருக்கும். நானே நாலைந்து எழுதலாம். ஆனால் இது விமர்சனம் இல்லை, ஞாபகம். ஒரு நாவலாசிரியரைப் பற்றி இப்படி 'அந்தக் காலத்துல படிச்சேன், நல்லா இருந்துச்சு' என்று மட்டும் எழுதினால் இலக்கியக்காரர்கள் விடுவார்களா? ஓவியரைப் பற்றி மட்டும் எழுதலாம். காரணம் சோம்பேறித்தனம் பாதி, கையில் சரக்கு இல்லாதது மீதி.

சரக்கு என்று எதைச் சொல்கிறேன்? ஓவியர் வரைந்த மூலப் படம், அதாவது ஒரிஜினல், நாம் பார்க்கும் படம் அல்ல. அச்சில் வருவதைவிடப் பெரிதாக வரைவார்கள். அச்சுக்குச் சுருக்கும்போது கோடுகள் இறுகி அழகாகிவிடும். மைக்குக் கீழே வெளிர்நீலப் பென்சிலில் முதல் யோசனை இருக்கும். பிளாக் எடுக்கிற காமிராவுக்கு அந்த நீலம் தெரியாது, நமக்குத் தெரியும். தப்பிய இடத்தில் போஸ்டர் வொயிட் பூசி மேலே மறுபடி வரைந்திருப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கதாநாயகியின் கை முதலில் வேறு பக்கம் நீண்டிருந்தது தெரியும். ஓரத்தில் 'மூன்று காலம் அகலம், அவசரம்' என்று உதவி ஆசிரியரின் கிறுக்கல். பின்பக்கத்தில் வீட்டுக் கணக்கு. இதோடு ஆசிரியருக்கும் ஓவியருக்கும் நடந்த கடிதங்கள், நிராகரிக்கப்பட்ட படங்கள், படத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற வவுச்சர். இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு ஓவியரின் காகிதங்கள்.

கோபுலுவை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் பிறந்து, ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' முதலாகப் படம் போட்டு, 2015ல் தொண்ணூறு வயதில் மறைந்தவர். இடையில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தபோது அவர் இடது கையால் வரையப் பழகினார். உலகத்தில் எத்தனை ஓவியர்களுக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கும்? வலது கைக் கோட்டையும் இடது கைக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழக்கம் எங்கே இருக்கிறது, விரலிலா மூளையிலா என்று ஒரு மாணவர் ஆராய்ச்சிப் பட்டமே வாங்கலாம். அதற்கு ஒரிஜினல் வேண்டும். பைண்டிங் செய்த பழைய இதழ்களை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

அமெரிக்காவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மில்டன் கனிஃப் என்று ஒரு காமிக்ஸ் ஓவியர், 'டெரி அண்ட் தி பைரேட்ஸ்' வரைந்தவர். தன் படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் தான் படித்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1977ல் இரண்டு வகுப்பறைகளில் ஆரம்பித்தது, இன்று பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகம் என்ற பெயரில் அந்தத் துறையிலேயே பெரிய ஆவணக் காப்பகமாக நிற்கிறது. பில் பிளாக்பேர்டு என்ற தனி மனிதர் கதை இன்னும் சுவாரசியம். நூலகங்கள் பழைய செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டு அசலைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தன. கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் ஞாயிற்றுக்கிழமை வண்ணக் காமிக்ஸ் என்ன ஆகும்? சாம்பல் ஆகும். அவர் வாங்கி வாங்கித் தன் வீடு நிறையச் சேர்த்தார். 1990களின் கடைசியில் அது ஒஹாயோவுக்குப் போனபோது ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. 75 டன். 'ஸ்கேன் பண்ணியாச்சே, காகிதம் எதுக்கு?' என்று கேட்கிற நம் நண்பர்களுக்கு இந்த 75 டன்னைச் சிபாரிசு செய்கிறேன்.

பிரான்சிலும் அப்படித்தான். ஆஸ்டெரிக்ஸை வரைந்த ஊடெர்ஸோ 2011ல் மூன்று ஆல்பங்களின் 120 மூலப் பக்கங்களைப் பாரீஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். இதில் புதுச்சேரிக்காரர்கள் ரசிக்க ஒரு சமாச்சாரம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றும் அதே நூலகத்தில்தான் இருக்கிறது. துய்ப்ளேக்சின் துபாஷியும் குண்டு ஒபெலிக்ஸும் ஒரே கூரைக்குக் கீழே! பிள்ளையவர்கள் 1736லிருந்து 1761 வரை எழுதினார், கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரை ஏசினார் என்று. அச்சுக்கு எழுதவில்லை. அதனால்தான் அது இன்றைக்கு இத்தனை மதிப்பு. ஓவியரின் மேஜை டிராயரில் கிடப்பதும் அந்த ஜாதிக் காகிதம்தான்.

நம்மிடம் உதாரணமே இல்லையா? இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா. தொழிலால் ஓவியர், விளம்பரப் பலகை எழுதியவர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று ஒரு ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1992ல் அவர் காலமானபின், 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. வாங்கி, கப்பல் ஏற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது பெரிய மனசு. பணம் கொடுக்க அமெரிக்கப் பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்ததைப் பற்றி என்ன சொல்ல! ஒன்று கவனியுங்கள். முத்தையா சேர்த்தது பெரும்பாலும் அச்சானவற்றை. அச்சாவதற்கு முந்திய காகிதத்துக்கு, அதுவும் சித்திரக்கதை ஓவியரின் காகிதத்துக்கு, அப்படி ஒரு முத்தையா தேவைப்படுகிறார்.

புதுச்சேரியில் இதைச் செய்யலாம் என்பது என் கட்சி. ஆசையால் சொல்லவில்லை, அந்த ஊருக்குப் பழக்கம் இருக்கிறது. செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் பிரெஞ்சு நிறுவனம் 1955லிருந்து ஓலைச்சுவடி சேர்க்கிறது. அங்கேயும் பக்கத்தில் உள்ள இன்னொரு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியிலும் இருக்கும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005ல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. கோயில் சிற்பங்களின் போட்டோக்களே லட்சத்துக்கு மேல். அதைவிட எனக்குப் பிடித்தது, பிற்பாடு பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் படங்களை அவர்கள் தேடிப் பதிவு செய்தது. முழங்கால் போட்ட கல்யாண ஜோடி, நாற்காலியில் மிரண்ட குழந்தை, இதெல்லாம் ஆவணமா என்று முதலில் யாராவது சிரித்திருப்பார்கள். ஸ்டூடியோக்காரருக்குக் கிடைத்த இடம் சித்திரக்கதை ஓவியருக்குக் கிடைக்கக் கூடாதா? காலாப்பட்டில் 1985லிருந்து ஒரு மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

பல்கலைக்கழகம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாரதி இருந்த வீடும் பாரதிதாசன் வீடும் அந்த ஊரில் நினைவு இல்லங்களாக இருக்கின்றன. போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டியவை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த காகிதத்தை ஒரு பக்கம்தான் பார்க்க முடியும். திருப்பிப் பார்க்க வேண்டும், முந்திய வரைவோடு ஒப்பிட வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் மேஜை, பட்டியல், ஒரு காப்பாளர், கேள்வியோடு வருகிற மாணவர்கள் வேண்டும்.

பணம்? கேட்பீர்கள் என்று தெரியும். எழுத்தாளர் குடும்பத்துக்கு மறுபதிப்பு ராயல்டி என்று எப்போதாவது ஏதாவது வரும். எழுத்தாளர் இறந்து அறுபது வருஷம் வரை காப்புரிமை இருக்கிறது. பத்திரிகை ஓவியருக்குப் பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவு என்று ஒரு தடவைக் கூலி, அத்தோடு சரி. படமும் பல சமயம் ஆபீசிலேயே தங்கிவிடும், பிறகு எடைக்குப் போய்விடும். தப்பித்தவறி வீட்டில் மிஞ்சிய ஒரு கட்டுத்தான் அந்தக் குடும்பத்தின் சொத்து. அதை 'கலைக்காகக் கொடுங்கள், பொன்னாடை போர்த்துகிறோம்' என்று இலவசமாகக் கேட்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. விலை கொடுத்து வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒவ்வொரு தாளாக உருவிக்கொண்டு போவார்கள். அவர்களும் ரசிகர்கள்தான், திட்டவில்லை. ஆனால் கட்டு பிரிந்தால் கதை போச்சு. பதினேழாம் பக்கம் மும்பையில், பதினெட்டு சிங்கப்பூரில்.

அதுவரை கடற்கரை ஊர் சும்மா இருக்காது. உப்புக் காற்றும் ஈரமும் காகிதத்தை வருஷம் பூராவும் தின்னும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். 2011 டிசம்பரில் 'தானே' வந்தது. 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' கரையேறியபோது புதுச்சேரித் தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது. தரைமட்டத்து அலமாரியில் இருந்த காகிதங்களின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாத்தாவோ மாமாவோ பத்திரிகைக்குப் படம் போட்டவர் என்றால், பல்கலைக்கழகம் விழித்துக்கொள்ளும் வரை சில காரியங்கள் உங்கள் கையில். கட்டைத் தரையிலிருந்து மேலே ஏற்றுங்கள். பின், கிளிப் எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றுங்கள், துரு காகிதத்தை அரிக்கும். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். பாசத்தில் லேமினேஷன் செய்துவிடாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. அவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்காதீர்கள், குப்பை மாதிரித் தெரிந்தாலும். எந்தப் பத்திரிகை, எந்த வருஷம், யார் கதைக்கு என்று பாட்டிக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் ஓரமாக எழுதி வையுங்கள். பேனாவால் வேண்டாம், ஊறிவிடும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல்.