அழைப்பும் விலக்கலும்: ரொறொன்ரோவின் உளமருத்துவ நியமனமொன்று பற்றிய விமர்சன நோக்கு

பல்கலைக்கழகமொன்று மூத்த ஆய்வாளர் ஒருவரைப் பேராசிரியர் பதவிக்கு அழைக்கும்போது அவருடைய பெயரை அழைக்கின்றதா, அன்றி அவருடைய வினாக்களை அழைக்கின்றதா? கலைத்துறைகளில் இது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடும் ஐயம். உளமருத்துவத்திலும் அதனைச் சார்ந்த நரம்பியல் ஆய்விலும் நிலைமை வேறு. அங்கே பேராசிரியர் என்பவர் விரிவுரை மண்டபத்தோடு அமைபவரல்லர். நோயாளரைப் பார்ப்பவர், மருந்துகளைப் பரிசோதிப்பவர், அப்பரிசோதனைகளுக்கு வேண்டிய பணத்தைத் தேடுபவர். அப்பணத்தின் பெரும்பகுதி மருந்துக் கம்பனிகளின் கைகளில் இருக்கின்றது. எனவே மேற்படி ஐயம் அங்கே நியமனக் கடிதத்தின் பெறுமதியையே நிர்ணயிக்கும் ஒன்றாகிவிடுகின்றது. கனடாவின் ரொறொன்ரோ நகரில் 2000 ஆம் ஆண்டில் டேவிட் ஹீலி என்னும் உளமருத்துவருக்கு வழங்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே மீளப்பெறப்பட்ட நியமனம் இதற்கு மிகத் தெளிவான உதாரணமாகும்.

ஹீலி அயர்லாந்தில் பிறந்து வேல்ஸில் பணியாற்றியவர். பிரித்தானிய உளமருந்தியற் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். உளநோய் மருந்துகளை ஆக்கிய முன்னோடிகளை நேரிற் கண்டு, அவர்களது வாய்மொழிகளை மூன்று பெருந்தொகுதிகளாகத் தந்தவர். மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு பற்றிய அவருடைய நூல் 1997 இல் வெளிவந்தது. நோயைக் குணப்படுத்த மருந்து தேடப்பட்ட காலம் போய், மருந்தை விற்பதற்காக நோயின் எல்லை அகற்றப்படும் காலம் வந்துள்ளது என்பதே அந்நூல் வற்புறுத்தும் கருத்து. 2000 இல் அவர் வெளியிட்ட ஆய்வொன்றில், நோயேதுமற்ற 20 பேர் மனச்சோர்வு மருந்துகளை உட்கொண்டனர். அவர்களுள் இருவருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றியது. அதே ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஹேஸ்ரிங்ஸ் நிலையத்தின் சஞ்சிகையில் புறோசாக் மருந்து பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்ததைத் தொடர்ந்து, அம்மருந்தின் உற்பத்தியாளரான எலி லில்லி கம்பனி அந்நிலையத்துக்கு அளித்து வந்த நிதியை நிறுத்திக்கொண்டது. இத்தனைக்கும் அவர் மருந்தையே வேண்டாமென்பவரல்லர். தம் நோயாளருக்கு மருந்து கொடுப்பவர். மின்னதிர்ச்சிச் சிகிச்சையைக்கூட ஆதரித்து எழுதியவர்.

இவற்றை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஹீலி என்ன கருதுகிறார் என்பது 2000 ஆம் ஆண்டில் இரகசியமாக இருக்கவில்லை. அவ்வாறிருந்தும், அல்லது அதனாலேயே, ரொறொன்ரோப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராகவும், அதனோடு இணைந்த போதைப்பழக்க, உளநல நிலையம் தனது மனச்சோர்வு மற்றும் பதகளிப்பு நோய்ப் பிரிவின் தலைவராகவும் அழைத்தன. நான்கு பழைய நிறுவனங்களை இணைத்து 1998 இல் உருவாக்கப்பட்ட அந்நிலையத்துக்கு உலகப் புகழ்வாய்ந்த ஒருவரைத் தலைவராகப் பெறவேண்டிய தேவை இருந்தது என்பது விளங்கிக்கொள்ளத் தக்கதே.

2000 நவம்பர் 30 ஆம் திகதி அங்கு நடைபெற்ற கருத்தரங்கொன்றில் ஹீலி உரையாற்றினார். 1952 இல் குளோர்புறோமசீன் பாரிஸில் உளநோயாளரிடம் பயன்படத் தொடங்கியது முதல் உளமருத்துவம் அடைந்த மாற்றங்களே உரையின் பொருள். அதனிடையே, புறோசாக்கும் அதன் வகையைச் சேர்ந்த மருந்துகளும் சிலரைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடும் என்றும், அதனை ஆராயவேண்டிய முறையில் கம்பனிகள் ஆராயவில்லை என்றும் அவர் கூறினார். ஒரு வாரத்துள் நிலையத்தின் தலைமை மருத்துவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருடைய அணுகுமுறை நிலையத்தின் நோக்கங்களோடு இசையவில்லை என்றும், நியமனம் கைவிடப்படுகின்றது என்றும் அது தெரிவித்தது. ஆண்டுக்கணக்கில் நூல்களைப் படித்துத் தெரிந்தெடுத்த ஒருவரை ஒரு நாள் உரையைக் கேட்டு விலக்குவதாயின், அந்நூல்கள் உண்மையில் படிக்கப்பட்டனவா என்ற ஐயம் எழுவது இயல்பே.

நிலையத்தின் பக்கத்து நியாயத்தைப் புறக்கணித்துவிடுவது விமர்சனமாகாது. நோய்ப் பிரிவொன்றின் தலைவர் வெறும் அறிஞர் அல்லர். அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லைக் கேட்டு நோயாளி ஒருவர் மருந்தை நிறுத்திவிடலாம். அதனால் உயிரிழக்கவும் கூடும். தன் சக மருத்துவரின் நம்பிக்கையைப் பெறமுடியாத தலைவரால் ஒரு பிரிவை நடத்த இயலாது என்பதும் பொருளற்ற வாதமன்று. ஆனால் இவ்வாதம் வலுப்பெற வேண்டுமாயின் இரண்டில் ஒன்று நிறுவப்படல் வேண்டும்: ஒன்று, ஹீலி கூறியது ஆதாரமற்றது என்பது, மற்றையது, அழைக்கும்போது அறியப்படாத ஏதோவொன்று உரையில் வெளிப்பட்டது என்பது. மின்னஞ்சல் இரண்டையும் நிறுவ முற்படவில்லை. ஆதாரத்தை மறுக்காது, ஆதாரத்தை முன்வைத்தவரின் 'அணுகுமுறை'யை மறுப்பது ஆய்வுலகின் வழக்கமன்று. அது நிருவாகத்தின் வழக்கம்.

ஹீலிக்காகக் குரலெழுப்பியோரிற் பலர் நேரே பணத்தின்மீது விரலை நீட்டினர். எலி லில்லி கம்பனி அந்நிலையத்தின் நிதிதிரட்டலுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் டொலர் வழங்கியிருந்தமை வெளிவந்ததும் பிரச்சினை முடிந்துவிட்டதெனவே பலர் கருதினர். கம்பனியிலிருந்து யாரோ தொலைபேசியில் பேசியிருக்கவேண்டும் என்ற ஊகம் கவர்ச்சியானது. ஆயினும் அதுவே இவ்வழக்கின் பலவீனமான பகுதி. அத்தகைய தலையீடு நிறுவப்படவில்லை. அது தேவைப்பட்டதுமில்லை. கொடையாளியின் மனதை முன்கூட்டியே உணர்ந்து நடக்கப் பழகிய நிறுவனத்துக்குக் கட்டளை எதற்கு? சதியைத் தேடியவர்கள் அமைப்பைக் காணத் தவறினர்.

அமைப்பு என்பது இதுதான். பேராசிரியர் என்ற பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம். நோய்ப் பிரிவையும் ஊதியத்தின் பெரும்பங்கையும் தருவது மருத்துவமனை. கருத்துச் சுதந்திரம் முதலாவதன் சாசனத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. வயிறு இரண்டாவதைச் சார்ந்திருக்கின்றது. மருத்துவமனை தன் கையை எடுத்துக்கொண்டால் பல்கலைக்கழகத்தின் பட்டம் அந்தரத்தில் தொங்கும். பல்கலைக்கழகமோ, இது மருத்துவமனையின் விடயம் என்று ஒதுங்கிக்கொள்ள முடிகின்றது. அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்த சிறுவர் மருத்துவமனையில் நான்சி ஒலிவியேரி என்னும் குருதியியல் ஆய்வாளர், தலசீமியா நோயாளருக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் ஆபத்தை அவர்களுக்கு அறிவிக்க முற்பட்டபோது, 1996 இல் அப்போரெக்ஸ் கம்பனி பரிசோதனைகளை நிறுத்தி, சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்தது. அவருக்குத் தக்க துணை கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளின் பின் அதே இடைவெளியிலேயே ஹீலியும் வீழ்ந்தார். ஒருமுறை நிகழ்ந்தால் தவறு எனலாம். இருமுறை நிகழ்ந்ததற்கும் அப்பெயரிடுவது பெருந்தன்மையின் எல்லையைக் கடந்ததாகும்.

2001 செப்ரெம்பரில் நோபல் பரிசு பெற்ற இருவர் உட்பட 29 விஞ்ஞானிகள் பல்கலைக்கழகத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். கனடாப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும் ஹீலியின் பக்கம் நின்றது. ஒப்பந்தத்தை மீறியமைக்காகவும், தம் நற்பெயருக்கும் கருத்துச் சுதந்திரத்துக்கும் இழைத்த தீங்குக்காகவும் அவர் 94 இலட்சம் டொலர் கோரி வழக்குத் தொடுத்தார். பின்னர் வந்த செய்திகள் இவ்வழக்கை மேலும் ஆழமாக நோக்கச் செய்கின்றன. 2003 இல் பிரித்தானிய அதிகாரிகள் 18 வயதுக்குக் குறைந்தோரின் மனச்சோர்வுக்கு அவ்வகை மருந்துகளுள் புறோசாக் ஒன்றைத் தவிர ஏனையவை உகந்தனவல்ல என அறிவித்தனர். 2004 இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் சிறுவர்க்கும் கட்டிளைஞர்க்கும் ஏற்படக்கூடிய தற்கொலை எண்ணம் பற்றிய கடும் எச்சரிக்கையை மனச்சோர்வு மருந்துகள் அனைத்தின்மீதும் பொறிக்கச் செய்து, 2007 இல் அதனை 24 வயது வரையானோர்க்கு விரிவாக்கியது. வயது கூடியோரிடத்து அத்தகைய அதிகரிப்புக் காணப்படவில்லை என்பதையும் அதே எச்சரிக்கை கூறுகின்றது. எனவே ஹீலி கூறியது முழுவதும் மெய்ப்பிக்கப்பட்டது எனல் மிகை. கேட்கப்படவேண்டிய வினாவையே அவர் கேட்டிருந்தார் என்பது போதுமானது.

வழக்கு நீதிமன்றத் தீர்ப்பைக் காணவில்லை. 2002 இல் இணக்கம் ஏற்பட்டது. மருந்துக் கம்பனிகள் இம்முடிவில் பங்கெடுக்கவில்லை என்ற உறுதிமொழியை ஹீலி ஏற்றுக்கொண்டார். பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக நியமித்தது. ஆண்டில் சில நாட்கள் வந்து உரையாற்றும் உரிமை அவருக்குக் கிடைத்தது. நோய்ப் பிரிவு கிடைக்கவில்லை.